சுட்ட பிறகு அரை மணி நேரம்

தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி சுடும்போது திடீரென்று நின்றுபோனால், காரணத்தை முதலில் நான்கு இடங்களில் தேட வேண்டும்: மேகசின், தோட்டா, வாயு போகும் வழி, தோட்டா உட்காரும் சேம்பர். உடைந்த பாகத்தைப் பிறகுதான் தேட வேண்டும். இந்த நான்கில் தோட்டாவை விட்டுவிட்டால் மீதி மூன்றையும் ஒரு துணித்துண்டும் ஒரு பிரஷும் கொஞ்சம் எண்ணெயும் கொண்டு பெரும்பாலும் ஒழுங்காக வைத்திருக்கலாம். இதைத்தான் அக்கா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தன்னார்வப் படையான அஸ்கார் வாத்தானியாவில் சேர்ந்திருக்கிறான். பொந்தியான் கெச்சிலில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கும்போது கேட்டான்: "மாமா, சுடுவது பத்து நிமிஷம், துடைப்பது அரை மணி நேரம். ஏன் இவ்வளவு பெரிசுபடுத்துகிறார்கள்?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளமானது. அவனுக்குச் சொன்னதை இன்னும் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவருக்கும், துப்பாக்கி எடுப்பவர்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தத் துப்பாக்கி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பழைய .303 லீ-என்ஃபீல்டில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். மலாயா அவசரகாலத்தில் தோட்டங்களைக் காவல் காத்தவர்கள் தூக்கித் திரிந்தது அந்த வகைதான். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் அந்தக் கைவேலையைத் துப்பாக்கியே செய்துகொள்கிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். மீண்டும் சுட விரலை விட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஆனால் அந்த இடைவெளிக்குள் எட்டு வேலைகள் நடந்து முடிந்திருக்கும். மேகசினிலிருந்து தோட்டாவை எடுப்பது, சேம்பரில் நுழைப்பது, போல்ட்டைப் பூட்டுவது, சுடுவது, பூட்டைத் திறப்பது, வெறுங்கூட்டைச் சேம்பரிலிருந்து இழுப்பது, அதை வெளியே எறிவது, சுத்தியலை மறுபடி நிமிர்த்தி வைப்பது. இந்த எட்டில் ஒன்று அரைகுறையானாலும் அடுத்த குண்டு போகாது. துப்பாக்கி நிற்கும்.

இத்தனைக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவிலிருந்து. குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அந்த நேரத்தில் சேம்பருக்குள் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் ஏறுகிறது. குழலில் ஒரு சிறு துளை இருக்கும். குண்டு அதைத் தாண்டியதும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாகப் பக்கத்துக் குழாய்க்குள் பாய்ந்து பிஸ்டனைப் பின்னால் தள்ளும். பிஸ்டன் போல்ட் கேரியரைத் தள்ளும். அது போல்ட்டைத் திறந்து இழுத்துக்கொண்டு பின்னால் போகும். ஸ்பிரிங் அதை முன்னால் திருப்பி அனுப்பும்போது அடுத்த தோட்டா உள்ளே போகும்.

கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இது புரியாமல் இருக்காது. அதன் என்ஜினிலும் எரிந்த வாயுதான் பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளிய இடத்தில் கரியும் சேர்கிறது. வித்தியாசம் ஒன்று உண்டு. மோட்டார் என்ஜினில் எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று வடிகட்டியும் இருக்கும். துப்பாக்கியில் இரண்டும் இல்லை. எரிந்த கரி, செம்புத் துகள், பித்தளைச் சிராய்ப்பு, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் எச்சம் எல்லாம் உள்ளேயே தங்கும். அவற்றை வெளியே எடுப்பதற்கு மனிதக் கையைத் தவிர வேறு ஏற்பாடே கிடையாது.

என் பதிலின் மையம் இதுதான். அழுக்கு இந்தத் துப்பாக்கிக்கு வெளியிலிருந்து வரும் விபத்து இல்லை. அது வேலை செய்யும் முறையிலேயே அழுக்கு இருக்கிறது. ஒவ்வொரு குண்டும் அடுத்த குண்டுக்கு ஒரு சிறு தடையை விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே சுத்தம் செய்வதைச் சுட்ட பிறகு வரும் தனி வேலையாக எண்ணக் கூடாது. சுடும் வேலையின் கடைசிப் பகுதி அது. அதை முடிக்காதவன் சுட்டு முடிக்கவில்லை.

இதைப் பொந்தியானில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1964 ஆகஸ்ட் 17, இந்தோனேசியாவின் சுதந்திர நாள். கொன்ஃப்ரொந்தாசி என்று நாம் சொல்லும் மோதல் நடந்துகொண்டிருந்த காலம். அன்று இந்தோனேசியாவிலிருந்து நீரிணையைத் தாண்டி ஏறத்தாழ நூறு பேர் ஆயுதங்களோடு இந்தக் கரையில் மூன்று இடங்களில் இறங்கினார்கள். பலர் உடனே பிடிபட்டார்கள். மீதிப் பேரைச் சதுப்பிலும் காட்டிலும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் லாபிஸ் பக்கம் விமானத்திலிருந்து குதித்தவர்களையும் இப்படித்தான் தேடினார்கள். ஐநா பாதுகாப்பு மன்றத்தில் மலேசியா புகார் செய்தபோது, ஜோகூர்க்காரரான அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் அப்துல் ரஹ்மான் பிடிபட்ட ஆயுதங்களை மன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்.

அந்தத் தேடுதல் நடந்த நிலத்தை நினைத்துப் பாருங்கள். பாக்காவ் மரங்களின் வேர்கள், முழங்கால் சேறு, உப்புத் தண்ணீர், கரி நிறத்துச் சதுப்பு மண், ஓயாத வியர்வை. அந்தக் காலத்தில் காமன்வெல்த் படைகளின் முக்கியத் துப்பாக்கி எஸ்எல்ஆர். நம் படையும் அதைப் பயன்படுத்தியது. முழுப் பெயரிலேயே தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி என்று இருக்கும். 7.62 மில்லிமீட்டர் தோட்டா, 20 தோட்டா மேகசின், தோட்டா இல்லாமலே நான்கு கிலோவுக்கு மேல் எடை. பெல்ஜியத்தின் எஃப்என் ஃபால் துப்பாக்கியிலிருந்து வந்தது. பிரிட்டன் 1950களில் எடுத்துக்கொண்டது, ஆஸ்திரேலியா லித்கோவில் தயாரித்தது, இந்தியா ஈஷாப்பூரில் தன் வடிவத்தைச் செய்தது.

அந்தத் துப்பாக்கியைச் செய்தவர்கள் அழுக்கு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு ஏற்பாடுகள் அதில் உண்டு. ஒன்று, போல்ட் கேரியரின் மேல் வெட்டப்பட்ட பள்ளங்கள். மணலும் தூசும் உரசும் பரப்பிலேயே அரைபடாமல் அந்தப் பள்ளங்களில் ஒதுங்கும். இரண்டாவது, வாயுவை அளந்து விடும் ரெகுலேட்டர். தேவைக்கு மேற்பட்ட வாயுவை அது வெளியே விட்டுவிடும். துப்பாக்கி சுத்தமாக இருக்கும்போது கொஞ்சம் வாயு போதும். கரி சேர்ந்து பாகங்கள் மந்தமானால் ரெகுலேட்டரைத் திருப்பி, பிஸ்டனுக்குப் போகும் வாயுவைக் கூட்டிக்கொள்ளலாம். நடுச்சண்டையில் அது உயிர் காக்கும். ஆனால் அந்தத் திருகைத் திருப்புகிறவன் சுத்தத்தைக் கடன் வாங்குகிறான். திருப்பத் திருப்ப ஒரு கட்டத்தில் திருப்ப இடம் இருக்காது.

இனி, நின்றுபோகும் வகைகள். ஒவ்வொரு வகையும் எங்கே கோளாறு என்று சொல்லும்.

விசையை அழுத்தினால் கிளிக் சத்தம் மட்டும் கேட்டு, குண்டு போகவில்லை என்றால், சேம்பரில் தோட்டாவே இல்லாமல் இருக்கலாம், தோட்டா பழுதாக இருக்கலாம், ஃபயரிங் பின் பிரைமரைச் சரியாக அடிக்காமல் இருக்கலாம். பின் ஓடும் துளையில் பழைய எண்ணெய் கெட்டியாகிப் பிசினாகிவிட்டால் அடி தளர்ந்துபோகும்.

போல்ட் முழுவதும் முன்னால் வராமல் ஒரு விரல்கடை அளவு திறந்து நின்றால், சேம்பரில் கரி படிந்திருக்கலாம், தோட்டா நசுங்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சேம்பரின் அளவும் தோட்டாவின் அளவும் மிக நெருக்கமானவை. நகத்தால் சுரண்டினால் வரும் கரிப் படலமே வழியை மறிக்கப் போதும்.

வெறுங்கூடு சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அதுதான் மிக மோசமான வகை. சுடும் அழுத்தத்தில் பித்தளைக் கூடு விரிந்து சேம்பரின் சுவரோடு ஒட்டும், அழுத்தம் குறைந்ததும் சுருங்கி விடுபடும். சுவரில் துருப் புள்ளிகளோ கரியோ இருந்தால் அது விடுபடாது. கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி அதன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போகும், இல்லையென்றால் வழுக்கி வந்துவிடும். பின்னால் வரும் அடுத்த தோட்டா அந்தக் கூட்டின் மேலேயே மோதும். பிறகு முன்னாலிருந்து கோல் விட்டுத் தள்ளினால்தான் கூடு வரும்.

கூடு பாதி வெளியே வந்து, மூடும் போல்ட்டில் செங்குத்தாகச் சிக்கி நின்றால், போல்ட் போதிய தூரம் பின்னால் போகவில்லை என்று பொருள். வாயு வழியில் அடைப்போ, ஓடும் பரப்பில் எண்ணெய் இல்லாத வறட்சியோ, கூட்டை வெளியே எறியும் எஜெக்டரின் தேய்மானமோ காரணமாக இருக்கும். இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டால் முதலில் மேகசினைப் பாருங்கள். அதன் மேல் உதடுகள் வளைந்திருந்தால், உள்ளே ஸ்பிரிங் சோர்ந்திருந்தால், மணல் இருந்தால், துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரியாக ஊட்ட முடியாது. எல்லாரும் குழலைப் பளபளவென்று துடைக்கிறார்கள், மேகசினைத் தட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஊட்டும் கோளாறுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

இவை வேலையை நிறுத்தும் கோளாறுகள். ஆளைக் காயப்படுத்தும் மூன்று கோளாறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தாமதமாக வெடிப்பது. கிளிக் சத்தம் கேட்டு ஒன்றும் நடக்காவிட்டால், பயிற்சித் திடலில் துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே பிரைமர் மெதுவாக எரிந்துகொண்டிருக்கலாம். அவசரப்பட்டுப் போல்ட்டைத் திறந்தால் கூடு முகத்தருகே வெடிக்கும்.

இரண்டாவது, பலவீனமான வெடி. சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து, உதைப்பும் குறைவாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொரு குண்டைச் சுட்டால் குழல் பிளக்கும். தோட்டாவை முழுவதும் எடுத்துவிட்டுக் குழலைச் சோதித்த பிறகே அடுத்த வேலை.

மூன்றாவது, விரல் அழுத்தாமலே சுடுவது. சில துப்பாக்கிகளில் ஃபயரிங் பின்னுக்குத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது, துளைக்குள் தாராளமாக ஓடும். சோவியத் நாட்டின் எஸ்கேஎஸ் பெரும்பாலும் அப்படிப்பட்டது. நீண்டகாலச் சேமிப்புக்காகப் பூசிய தடித்த கிரீஸை அந்தத் துளையிலிருந்து முழுவதும் கழுவி எடுக்காவிட்டால் பின் முன்னால் துருத்திக்கொண்டு நின்றுவிடும். போல்ட் மூடும் வேகத்திலேயே அது பிரைமரை அடித்துவிடும். விசையில் விரல் இல்லாமலேயே குண்டு போகும். அழுக்கு துப்பாக்கியை நிறுத்தத்தான் செய்யும் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நிறுத்த வேண்டிய நேரத்தில் சுடவும் வைக்கும்.

"சரி மாமா, நல்ல துப்பாக்கியாக வாங்கிவிட்டால் இவ்வளவு பார்க்க வேண்டியதில்லையே?" என்றான். இந்த எண்ணத்துக்கு ஒரு பெரிய படையே விலை கொடுத்திருக்கிறது.

அமெரிக்காவின் எம்16. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15இலிருந்து வந்தது. எஸ்எல்ஆரைவிட மிகவும் இலேசானது, 5.56 மில்லிமீட்டர் தோட்டா. இதில் தனி பிஸ்டன் கோல் கிடையாது. குழலிலிருந்து எடுத்த வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாக நேராகப் போல்ட் கேரியருக்குள்ளேயே வந்து தள்ளும். பாகங்கள் குறையும், எடை குறையும். ஆனால் கரி வந்து சேரும் இடம் துப்பாக்கியின் நடு வயிறு.

வியட்நாமுக்கு அது பெருமளவில் போனபோது மூன்று தவறுகள் சேர்ந்துகொண்டன. ஸ்டோனர் சோதித்த வெடிமருந்தை விட்டுவிட்டு வேறொரு வகையைத் தோட்டாவில் நிரப்பினார்கள். அது துப்பாக்கியை நினைத்ததைவிட வேகமாக ஓடவைத்தது, எச்சத்தையும் கூடுதலாக விட்டது. ஈரப்பதம் மிகுந்த அந்த நாட்டில் துருவைத் தடுக்கும் குரோமிய முலாம் சேம்பருக்குப் பூசப்படவில்லை. மூன்றாவதுதான் நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது. இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தம் அதிகம் தேவையில்லை என்ற நம்பிக்கை பரவியிருந்தது. துடைக்கும் கோலும் பிரஷும் எண்ணெயும் போதிய அளவு வீரர்களின் கைக்குப் போகவில்லை, பயிற்சியும் போகவில்லை.

1966, 67இல் சண்டைக்கு நடுவே வெறுங்கூடுகள் சேம்பரில் ஒட்டிக்கொண்டன. கோல் வைத்திருந்தவன் முன்னாலிருந்து விட்டுக் குத்தி எடுத்தான். கோல் இல்லாதவன் கையில் இருந்தது சுட முடியாத துப்பாக்கி. பையன்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போயின. ரிச்சர்ட் இச்சோர்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்து 1967 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை துப்பாக்கியைக் கொண்டுபோன நிர்வாகத்தைக் கடுமையாகவே சாடியது.

பிறகு என்ன செய்தார்கள் என்பது இன்னும் முக்கியம். எம்16ஏ1இல் சேம்பருக்குக் குரோமிய முலாம் வந்தது, வேகத்தை அடக்கும் பாகம் மாறியது. துடைக்கும் சாமான்கள் ஒவ்வொருவருக்கும் போயின. பின்னாளில் துப்பாக்கியின் பின்கட்டைக்குள்ளேயே அவற்றை வைக்க இடம் செய்தார்கள். 1968இல் புகழ்பெற்ற படக்கதை ஓவியர் வில் ஐஸ்னரைக் கொண்டு, எம்16ஏ1 பராமரிப்பைப் படக்கதையாகவே வரைந்து வீரர்களுக்குக் கொடுத்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன் எதைப் படிப்பானோ அந்த வடிவில் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஒரு படை கடைசியில் புரிந்துகொண்டது. அதே குடும்பத்துத் துப்பாக்கி இன்றுவரை உலகெங்கும் ஓடுகிறது. மலேசியப் படையும் எம்16ஐப் பல்லாண்டு வைத்திருந்தது. இப்போது வைத்திருக்கும் எம்4 அதன் வழிவந்ததுதான்.

இந்தக் கதையைச் சிலர் "துப்பாக்கி மோசம்" என்று முடிக்கிறார்கள், சிலர் "பையன்கள் துடைக்கவில்லை" என்று முடிக்கிறார்கள். இரண்டும் பாதி உண்மைதான். பொருளில் குறை இருக்கும்போது பராமரிப்பு மட்டும் அதை ஈடுகட்டாது. பராமரிப்புக்கு வேண்டியதைக் கொடுக்காமல் வீரனைக் குறை சொல்வது அநியாயம்.

இந்தியாவிலும் இதே விவாதம் நடந்தது. 5.56 இன்சாஸ் துப்பாக்கி 1999 கார்கில் போரில் மலை உச்சிகளுக்குப் போனது. கடுங்குளிரில் பிளாஸ்டிக் மேகசின்கள் வெடித்ததாகவும், துப்பாக்கி சிக்கிக்கொண்டதாகவும், சுடும்போது எண்ணெய் தெறித்துக் கண்ணில் பட்டதாகவும் புகார்கள் வந்தன. எண்ணெய் தெறிப்பதைக் கவனியுங்கள். கோளாறு எண்ணெய் இல்லாததால் மட்டும் வருவதில்லை. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டம் பிலியில் மாவோயிஸ்டுகளின் தாக்குதலில் நாற்பதுக்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறந்தார்கள். நீண்ட நேரம் சுட்டதில் இன்சாஸ் சூடேறிக் கோளாறு செய்தது என்று நேபாள இராணுவம் சொன்னது. கையாண்ட முறையில் பிழை இருக்கலாம் என்று இந்தியத் தரப்பு சொன்னது, பயிற்சி தரவும் முன்வந்தது. தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஒன்று மட்டும் உறுதி: பதிவேடு வைத்து, ஒழுங்காகச் சுத்தம் செய்து, பழுதை எழுதிவைக்கும் படைக்குத்தான் குறை எந்தப் பக்கம் என்று நிரூபிக்க முடியும். அழுக்கான துப்பாக்கியோடு செய்யும் புகார் செல்லாது.

நம்மில் பலருக்குப் பூர்வீக ஊர்ப்பக்கமான திருச்சியில் 1966 முதல் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இப்போது அங்கே செய்யும் டார் துப்பாக்கி கலாஷ்னிகோவ் வழியில் வந்தது. அந்த வழித் துப்பாக்கிகள் பாகங்களுக்கிடையே தாராளமாக இடம் விட்டுச் செய்யப்பட்டவை. கனமான பிஸ்டன், கரியைத் தள்ளிக்கொண்டே ஓடும். "அதைத் துடைக்கவே வேண்டாம்" என்று கதை சொல்வார்கள். அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. துருவைப் பொறுத்துக்கொள்ளும் குழல் எதுவும் இல்லை.

துரு என்றதும் நம் ஊருக்கே வந்துவிடலாம். பொந்தியான் நீரிணைக் கரையில் இருக்கிறது. தெற்கே தஞ்சோங் பியாய், ஆசியக் கண்டத்தின் பெருநிலம் முடியும் முனை. காற்றில் உப்பு. ஆண்டு முழுக்க ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. உள்ளே பெக்கான் நானாஸ் பக்கம் போனால் அன்னாசி விளையும் சதுப்பு மண், அமிலத்தன்மை உள்ளது. வியர்த்த கையின் ரேகை பதிந்த இடத்தில் இரும்பு ஓரிரு நாளில் பழுப்பாவதை இங்கே வீட்டு வெட்டுக்கத்தியிலேயே பார்க்கலாம். பாலைவனத்துப் படைக்கு எதிரி தூசு. நமக்கு எதிரி ஈரம். அங்கே எண்ணெயைக் குறைப்பார்கள், தூசு ஒட்டும் என்பதற்காக. இங்கே மெல்லிய படலம் எப்போதும் இருந்தாக வேண்டும், அதை அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும். சுடாத துப்பாக்கியும் இங்கே அழுக்காகும். வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பழைய எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் தடவ வேண்டும். தோலுறையிலோ நுரை மெத்தை வைத்த பெட்டியிலோ நெடுநாள் வைக்கக் கூடாது. அவை ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும்.

பழைய தோட்டாக்களில் இன்னொரு ஆபத்து இருந்தது. அவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. எரிந்த பிறகு அது ஒருவகை உப்பாகிக் குழலில் படியும், காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரிக்கும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் .303 காலத்து வீரர்கள் சுட்ட பிறகு கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றினார்கள். உப்பும் போகும், சூட்டில் குழலும் சீக்கிரம் உலரும். பிறகு துணி, அதன்பின் எண்ணெய். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த உப்பு இல்லை. ஆனாலும் பழைய இருப்புத் தோட்டாவைச் சுடுகிறவர்கள் இந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

இப்போது, எப்படிச் சுத்தம் செய்வது. எல்லாவற்றுக்கும் முந்தியது துப்பாக்கியை வெறுமையாக்குவது. மேகசினைக் கழற்று. போல்ட்டை இழுத்துத் திற. சேம்பருக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பார். குழல் வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம். தோட்டாக்கள் துடைக்கும் மேசையிலேயே இருக்கக் கூடாது. துடைக்கும்போது நடந்த விபத்து என்று செய்தியில் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு நிமிட வேலையைத் தாண்டிப் போனதால் வந்தவைதான்.

அடுத்தது, அந்தத் துப்பாக்கியின் கையேடு சொல்லும் அளவுக்குப் பிரிப்பது. அதற்கு மேல் பிரிப்பது ஆயுதப் பட்டறைக்காரரின் வேலை.

குழலை முடிந்தவரை சேம்பர் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகத் துடைக்க வேண்டும். எதிர்ப்பக்கமிருந்து கோலை விட்டால் குழல் வாயின் விளிம்பு தேயும், குறி தவறும். கரி கரைக்கும் திரவத்தில் நனைத்த பிரஷ் முதலில், கொஞ்சம் ஊறவிட்டுப் பிறகு துணி. துணி வெளுப்பாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேம்பருக்குத் தனி பிரஷ் உண்டு. குழல் பிரஷ் அதற்குச் சிறியது, சுவரைத் தொடாது. ஒட்டிக்கொள்ளும் கூடுகளுக்கு மருந்து அந்தத் தனி பிரஷ்தான்.

போல்ட்டின் முகம், எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடி, பூட்டும் பற்களின் இடுக்கு ஆகிய மூன்றிலும் கரி கெட்டியாகப் படியும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று போதும். பிறகு பிஸ்டனும் அதன் குழாயும். எஸ்எல்ஆர் வகையில் இவற்றைச் சுரண்டித் துடைத்து, சுடும்முன் உலர்ந்த நிலையில் வைக்க வேண்டும். அங்கே எண்ணெய் விட்டால் சூட்டில் அதுவே கரியாகும்.

கடைசியில் எண்ணெய். இரும்பும் இரும்பும் உரசும் இடங்களில் கண்ணுக்கு மினுமினுப்பாகத் தெரியும் அளவு. சொட்டும் அளவு கூடாது. சேம்பரும் குழலும் சுடுவதற்குமுன் உலர்ந்திருக்க வேண்டும். சேம்பரில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காது, முழு உதையும் போல்ட்டின் மேல் விழும். ஃபயரிங் பின் துளையில் எண்ணெய் நிறைந்தால் நாளடைவில் பிசினாகும். தோட்டாவின் மேல் எண்ணெய் பட்டால் பிரைமருக்குள் கசிந்து கெடுக்கலாம். மேகசினுக்குள் உலர்ந்த துணி மட்டும். எண்ணெய் அதிகம் போட்டால் நல்லது என்று நினைப்பவர்களே புதிதாகச் சேருபவர்களில் அதிகம். குறைவான எண்ணெய் துப்பாக்கியைத் தேய்க்கும், கூடுதல் எண்ணெய் அழுக்கைச் சேர்த்து அரைக்கும்.

துடைத்து முடித்துப் பூட்டியதும் வெறும் துப்பாக்கியில் போல்ட்டை இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும், பாதுகாப்புப் பூட்டு வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்த நாளும் குழலில் ஒருமுறை துணி விடுங்கள். முதல் நாள் வெள்ளையாக வந்த துணி மறுநாள் சாம்பலாக வரும். முதல் நாள் வராமல் குழலில் ஒட்டியிருந்த எச்சம் ஊறி வெளியே வருகிறது. மூன்று நாள் தொடர்ந்து துடைக்க வேண்டும் என்று பழைய படைக் கையேடுகள் சொன்னது இதற்காகத்தான்.

நம் நாட்டில் துப்பாக்கி யார் வேண்டுமானாலும் வைத்திருக்கும் பொருள் இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் கேட்கிறது, 1971ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. அது சரியானதே. ஆகவே இந்தப் பேச்சு படையிலும் காவல்துறையிலும் இருப்பவர்களுக்கும், வார இறுதியில் சீருடை போடும் பையன்களுக்கும், திடலில் சுடும் விளையாட்டு வீரர்களுக்கும், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்ற தோட்டக்காரருக்கும் உரியது. தோட்டக்காரரின் துப்பாக்கி வருடத்தில் சில முறைதான் வெடிக்கும். ஆனால் வருடம் முழுக்க இந்தக் காற்றில்தான் நிற்கிறது. அவருக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

அக்கா மகனின் கேள்விக்கு என் பதில் இரண்டு பேருக்குப் போகிறது. அவனுக்குச் சொல்வது: அரை மணி நேரத்தைத் தண்டனையாக எண்ணாதே. துப்பாக்கியை நீ அறிந்துகொள்ளும் நேரம் அதுதான். எந்த ஸ்பிரிங் தளர்ந்தது, எந்தக் கொக்கி தேய்ந்தது, எங்கே துரு தொடங்குகிறது என்பதெல்லாம் கையில் துணியோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியும். தெரிந்ததை மறைக்காமல் பட்டறைக்குச் சொல். உனக்குப் பின் அதை எடுக்கப்போகும் பையனுக்கு நீ செய்யும் கடமை அது.

பயிற்சி நடத்துபவர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் சொல்வது: சுடும் நேரத்தை அட்டவணையில் போடும்போதே துடைக்கும் நேரத்தையும் போடுங்கள். லாரி கிளம்பும் நேரத்துக்குள் அவசரமாகத் துடைக்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு கோல், சேம்பர் பிரஷ், போதிய துணி, நல்ல எண்ணெய் கொடுங்கள். பழுது பதியும் பேரேடு ஒன்று வையுங்கள், அதைப் படிக்கவும் செய்யுங்கள். 1967இல் ஒரு பெரிய படை இரத்தம் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் ஒரு டின் எண்ணெயின் விலைக்கே பெற்றுக்கொள்ளலாம்.